தத்துவ வகுப்புப் பதிவுகளை எடைபோடுவது எப்படி? கேட்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யேல் பல்கலைக்கழகத்தில் 2007இல் ஷெல்லி கேகன் நடத்திய 'மரணம்' என்ற பாடத்தில் 26 வகுப்புகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம். கூட்டினால் 21 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வேலைக்குப் போகும் வழியில் நாளொன்றுக்கு ஒன்று என்று கேட்டாலும் ஒரு மாதம் பிடிக்கும். காசு கேட்காமல் கிடைக்கிறது என்பதற்காக எதையும் கேட்டுவிடலாம் என்று நினைப்போம். அந்த ஒரு மாதத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே பற்றிய நீளமான தொடர் ஒன்றை ஒரு வகுப்பு விடாமல் கேட்டேன். பேசியவருக்கு அருமையான குரல். கேட்டு முடித்தபோது நீட்சேவைக் கரைத்துக் குடித்துவிட்ட நிறைவு எனக்கு. ஒருநாள் தங்கை மகன், "மாமா, எல்லாம் திரும்பத் திரும்ப அப்படியே நடக்கும்னு நீட்சே சொல்றாராமே, அது என்ன?" என்று கேட்டான். பேராசிரியர் சொன்ன உவமைகளை வரிசையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஆனா அதை அவர் எதுக்குச் சொல்றார்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவற்றிலும் பதில் இல்லை. உவமைகள் இருந்தன, மேற்கோள்கள் இருந்தன, ஒரு வாதம்கூட முழுசாக இல்லை.

அன்றிலிருந்து எந்தத் தொடரையும் முழுதாகக் கேட்க உட்காரும் முன் சில சோதனைகள் வைத்துக்கொள்கிறேன். மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேசுபவரின் குரலும் உவமையும் இல்லாமல், கேட்டதை நம் வாயால் இன்னொருவருக்கு நிறுவிக் காட்ட முடிகிறதா என்பதுதான் இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

படி 1: எந்த வகைப் பாடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தத்துவப் பாடங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். முதலாவது, ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அலசுவது. கேகனின் 'மரணம்', ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நடத்திய 'நீதி' இரண்டும் இந்த வகை. இரண்டாவது, ஒரே நூலை எடுத்துப் பாடம் சொல்வது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹூபர்ட் டிரைஃபஸ் ஹைடெகரின் 'இருத்தலும் காலமும்' நூலுக்கு நடத்திய வகுப்புகளும், ராபர்ட் பால் வுல்ஃப் காண்டின் 'தூய அறிவு விமர்சன'த்துக்கு நடத்தி 2016இல் யூடியூபில் ஏறிய ஒன்பது வகுப்புகளும் இதில் சேரும். மூன்றாவது வரலாற்று வகை. 2010இல் தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கும் பீட்டர் ஆடம்சனின் 'இடைவெளியில்லாத தத்துவ வரலாறு' பாட்காஸ்ட் அதற்கு நல்ல உதாரணம்.

ஒன்றுக்கு வைக்கும் அளவுகோலை மற்றதற்கு வைக்கக்கூடாது. கேகனிடம் போய் "பிளேட்டோவின் நூலை முழுசாக ஏன் நடத்தவில்லை?" என்று கேட்பது நியாயமில்லை. டிரைஃபஸிடம் "ஹைடெகர் சொல்வது சரியா தவறா என்று ஏன் தீர்ப்புச் சொல்லவில்லை?" என்பதும் அப்படித்தான். பிரச்சினைப் பாடத்தில் வாதத்தின் பலத்தைப் பாருங்கள். நூல் பாடத்தில் வரிக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறார் என்று பாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

அந்தக் கடைசிச் சோதனை மிகச் சுலபம். தலைப்புப் பட்டியலில் அகஸ்டின் எங்கே, தெகார்த் எங்கே என்று தேடுங்கள். அகஸ்டின் இறந்தது 430இல், தெகார்த் பிறந்தது 1596இல். இருவரும் அடுத்தடுத்த வகுப்புகளில் வந்தால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாண்டிக் குதித்திருக்கிறார்கள் என்று பொருள். இப்னு சீனா முதல் அக்வினாஸ் வரை அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். ஆடம்சன் தொடரில் இஸ்லாமிய உலகத் தத்துவத்துக்கென்றே நீண்ட பகுதி இருக்கிறது. இந்தியத் தத்துவத்துக்கும் ஜோனார்டன் கனேரியோடு சேர்ந்து தனித் தொடர் செய்திருக்கிறார். எல்லோரும் அத்தனையையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'மனித சிந்தனையின் வரலாறு' என்று தலைப்பு வைத்துவிட்டு ஆதென்ஸிலிருந்து நேரே பாரிஸுக்குப் போகும் தொடரைக் கேட்கும்போது, கைக்கு வருவது ஒரு துண்டு மட்டும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாடத்திட்டத்தைப் படியுங்கள்

ஒலிப்பதிவைத் தொடும் முன்பே பாதித் தீர்ப்பு இங்கே கிடைத்துவிடும். எந்த ஆண்டு நடந்த பாடம்? முதலாண்டு மாணவர்களுக்கா, முதுகலைக்கா? ஒவ்வொரு வகுப்புக்கும் படித்துவர வேண்டிய பகுதி எது என்று குறித்திருக்கிறார்களா? வாசிப்புப் பட்டியலே இல்லாத தத்துவத் தொடர் என்றால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். மூல நூல் பக்கம் நம்மைப் போகச் சொல்லாதவர், தான் சொல்வதை அப்படியே ஏற்கச் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றும். பட்டியல் இல்லாமல் அருமையாக அமைந்த தொடர்களும் உண்டு. அவற்றுக்கு அடுத்த சோதனைகளில் இன்னும் கறாராக இருந்தால் போதும்.

எழுத்து வடிவம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். யேல் தன் திறந்த பாடங்களின் ஒவ்வொரு வகுப்பையும் எழுத்தாகவே கொடுத்திருக்கிறது. ஆங்கில உச்சரிப்பு பிடிபடாத இடத்தில் கண்ணால் படித்துத் தெளியலாம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் நமக்கு இது பெரிய உதவி.

படி 3: முதல் வகுப்பைக் கேளுங்கள், பிறகு நேரே நடுவுக்குப் போங்கள்

முதல் வகுப்பில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: தான் எங்கே நிற்கிறேன், எதைச் சொல்லப்போவதில்லை என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்கிறாரா? கேகன் முதல் நாளே சொல்லிவிடுகிறார். ஆன்மா என்று ஒன்று இல்லை, சாகாவரம் நல்லதாக இருக்காது, மரண பயம் பொருத்தமான உணர்வு இல்லை என்றெல்லாம் வாதாடப்போவதாக அறிவிக்கிறார். துக்கத்தின் உளவியல், ஈமச்சடங்குத் தொழில் போன்றவை இந்தப் பாடத்தில் வராது என்றும் ஒதுக்கிவிடுகிறார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எந்தப் பக்கமும் சாயாதவர் போலப் பேசிக்கொண்டே ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகிறவரைவிட, "நான் இந்தக் கட்சி, என்னோடு மல்லுக்கு வாருங்கள்" என்பவரிடம் கற்றுக்கொள்வது எளிது.

ஆனால் முதல் வகுப்பை மட்டும் நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள். முதல் நாளன்று எல்லோருமே நன்றாகப் பேசுவார்கள். பாடத்தின் மிகக் கடினமான இடம் எது என்று பாடத்திட்டத்தில் பார்த்து அங்கே போய் உட்காருங்கள். காண்ட் என்றால், நம் அறிவின் அடிப்படைக் கருத்துகள் அனுபவத்துக்குப் பொருந்தியே ஆகும் என்று அவர் நிறுவ முயலும் பகுதி. ஹெகலின் 'ஆவியின் நிகழ்வியல்' என்றால் முன்னுரையும் ஆண்டான் அடிமைப் பகுதியும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஒரே பத்தியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிறாரா, அல்லது ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லிக் கடந்துவிடுகிறாரா? பெரும்பாலான தொடர்களின் தரம் இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

படி 4: ஒரு வாதத்தை எடுத்துத் தாளில் எழுதுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். நேரமில்லாதவர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடவேண்டாம்.

கேகனின் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பிளேட்டோவின் 'பைடோ' உரையாடல் வருகிறது. சிறையில் நஞ்சருந்தப் போகும் சாக்ரடீஸ், ஆன்மா அழியாது என்று நண்பர்களிடம் நிறுவப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத, பகுதிகளாகப் பிரிக்க முடியாத பொருள் சிதையாது, ஆன்மா அப்படிப்பட்டது என்பது அவர் வாதங்களில் ஒன்று. சிம்மியாஸ் குறுக்கிடுகிறார்: யாழின் இசையமைதியும் கண்ணுக்குத் தெரியாததுதான், அழகானதுதான். யாழை உடைத்தால் மரமும் நரம்பும் கிடக்கும், இசையமைதி அந்தக் கணமே போய்விடும். ஆன்மாவும் உடம்பின் இசையமைதியாக ஏன் இருக்கக்கூடாது?

இந்த வகுப்பைக் கேட்டு முடித்ததும் பதிவை நிறுத்திவிட்டு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். சாக்ரடீஸ் எதை நிறுவ வந்தார்? எந்த அடிப்படைகளிலிருந்து? சிம்மியாஸ் அவற்றில் எதை உடைத்தார்? சாக்ரடீஸ் என்ன மறுமொழி சொன்னார்? நான்காவது வரிதான் உண்மையான சோதனை. சாக்ரடீஸ் ஒன்றுக்கு மேற்பட்ட மறுமொழி சொல்கிறார். யாழுக்கு முன்னால் இசை இருக்க முடியாது, ஆனால் உடம்புக்கு முன்னாலேயே ஆன்மா இருந்தது என்று முன்பே ஒப்புக்கொண்டோமே என்பது ஒன்று. இசையமைதியில் கூடுதல் குறைவு உண்டு, ஆன்மாவில் கிடையாது என்பது இன்னொன்று. உடம்பு தாகம் என்று கேட்கும்போது ஆன்மா குடிக்காதே என்று தடுக்கிறதே, யாழை எதிர்த்து இசை நிற்குமா என்பது மற்றொன்று.

கேகன் உடலுக்கு அப்பால் ஆன்மா இல்லை என்ற கட்சிக்காரர். அவருக்கு சிம்மியாஸ்தான் உறவு. ஆகவே சாக்ரடீஸின் மறுமொழிகளை அவர் எப்படி எடுத்து வைக்கிறார் என்பதில் காது வையுங்கள். சைவ சித்தாந்தத்தில் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதியாக இருக்கும். பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கைக்கு வருவார் அருணந்தி சிவாசாரியார். பரபக்கத்தை எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் எந்தத் தத்துவ ஆசிரியரின் தரமும் தெரியும். எதிர்த்தரப்பின் ஆள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் "ஆமாம், என் கொள்கையைச் சரியாகத்தான் சொன்னீர்கள்" என்று தலையாட்டுவாரா? அப்படித் தலையாட்டும்படி சொல்லிவிட்டு அதன் பிறகு உடைப்பவரை நம்பிப் பின்தொடரலாம். கேகன் இந்த இடத்தில் தேறுகிறார் என்பது என் கருத்து. பல நேரம் பிளேட்டோவே சொல்லாமல் விட்ட படிகளையும் அவருக்காகப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எதிர்க்கிறார்.

நான்கு வரியும் எழுத வரவில்லை என்றால் உடனே பாடத்தைக் குறை சொல்லவேண்டாம். அன்று பேருந்தில் சத்தமாக இருந்திருக்கலாம். இன்னொருமுறை அமைதியாகக் கேட்டு மறுபடி எழுதுங்கள். இரண்டாம் முறையும் எழுத வராமல், எழுத்து வடிவத்தில் தேடியும் அந்த வரிகள் கிடைக்கவில்லை என்றால், குறை பாடத்தில் இருக்கிறது.

படி 5: மூலத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

நல்ல நூல் பாடம் நடத்துபவர் இடம் சுட்டிப் பேசுவார். பிளேட்டோவுக்கு 1578இல் வந்த பதிப்பின் பக்க எண்கள், அரிஸ்டாட்டிலுக்கு பெக்கர் என்பவர் பதிப்பின் பக்க எண்கள், காண்டுக்கு 1781, 1787 ஆகிய இரு பதிப்புகளின் பக்கங்கள் என்று உலகம் முழுவதும் ஒரே முகவரி முறை இருக்கிறது. சிம்மியாஸின் யாழை எந்த மொழிபெயர்ப்பிலும் 85, 86ஆம் எண்களை ஒட்டித் தேடினால் கிடைக்கும். இப்படி எண் சொல்லிப் பேசுகிறவர் தன்னைச் சரிபார்க்க நமக்கு வழி விடுகிறார்.

சோதித்துப் பார்க்க இரண்டு இடங்கள் சொல்கிறேன். தெகார்த்தின் 'தியானங்கள்' பற்றிய வகுப்பில் "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்ற வாசகம் அந்த நூலில் வருவதாக ஆசிரியர் சொல்கிறாரா? அந்த வடிவில் அது 1637இல் வந்த 'முறை பற்றிய உரை'யிலும் 1644இல் வந்த 'தத்துவக் கோட்பாடுகள்' நூலிலும்தான் இருக்கிறது. 1641இல் வந்த 'தியானங்கள்' அதைச் சற்று வேறுவிதமாகச் சொல்கிறது: நான் இருக்கிறேன் என்பது, அதை நான் நினைக்கும் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே இருக்கும் என்கிறது. 'ஆகவே' இல்லாமல் சொல்வதால் வாதத்தின் வடிவமே மாறுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லி விளக்குபவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

அடுத்தது ஹெகல். 'கருத்து, எதிர்க்கருத்து, இணைப்பு' என்ற மூன்றடுக்கைப் பலகையில் எழுதி இதுதான் ஹெகலின் முறை என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஹெகல் தன் முறைக்கு அந்தப் பெயரை வைத்ததில்லை. அவருக்குப் பின் வந்த விளக்க நூல்கள் வழியாகப் பரவியது அது. ஒரு தவறுக்காகத் தொடரையே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அவர் ஹெகலைப் படித்துச் சொல்கிறாரா, ஹெகலைப் பற்றிப் படித்துச் சொல்கிறாரா என்று தெரிந்துவிடும்.

ஒரே ஆசிரியரின் விளக்கம் மட்டும் கிடைக்கும் பாடங்களில் இன்னொரு கவனமும் வேண்டும். வுல்ஃப் 1963லேயே காண்ட் பற்றி ஒரு நூல் எழுதியவர். வகுப்பில் சொல்வதும் அந்த வழி வாசிப்புதான், நேரத்தில் பெரும்பகுதியும் 'விமர்சன'த்தின் பகுப்பாய்வுப் பகுதிக்கே, அதாவது மேலே சொன்ன அடிப்படைக் கருத்துகள் பற்றிய பகுதிக்கே போகிறது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த நூலை விரித்து உட்காரும் அழகுக்காகவே அவற்றைக் கேட்கலாம். கூடவே ஸ்டான்ஃபோர்டின் இணையத் தத்துவக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பகுதிக்கான கட்டுரையையும் படித்துவிடுங்கள். மற்ற வாசிப்புகள் என்னென்ன என்று அங்கே இருக்கும்.

படி 6: மாணவர்களின் கேள்விகளைக் கவனியுங்கள்

சாண்டலின் 'நீதி' 12 பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வகுப்புகள். 1884இல் கடலில் படகில் தத்தளித்த நால்வரில் பதினேழு வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று தின்று பிழைத்த வழக்கை முதல் பகுதியிலேயே எடுத்துக்கொண்டு அரங்கம் முழுவதையும் பேச வைக்கிறார். மாணவர் தட்டுத் தடுமாறிச் சொல்வதை ஒரு கோட்பாடாகத் திரட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பதில் சாண்டலுக்கு இணையாக எனக்கு யாரும் தெரியாது. ஆனால் இது தொலைக்காட்சிக்காகப் பல கேமராக்கள் வைத்து எடுத்துத் தொகுத்த பாடம். திணறிய நிமிடங்கள் வெட்டுப்பட்டிருக்கும். நூலோடு மல்லுக்கட்டும் நேரமும் குறைவு. விவாதம் எப்படி நடக்க வேண்டும் என்று பழகிக்கொள்ள இதைக் கேளுங்கள். காண்டைக் கற்க இது மட்டும் போதாது.

டிரைஃபஸின் வகுப்பு நேர் எதிர். 2007இல் பதிவான ஹைடெகர் வகுப்புகளில் தொகுப்பு வேலை எதுவும் கிடையாது. தாள் புரளும் ஒலி கேட்கும். பல ஆண்டுகள் நடத்திய நூல்தான், அதற்கு விளக்க நூலே எழுதியவர்தான். ஆனாலும் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்காக நின்று, பத்தியைத் திரும்ப வாசித்து, தன் விளக்கம் அங்கே சரியில்லையோ என்று வாய்விட்டு யோசிப்பார். ஒருவர் சிந்திப்பதை அருகிலிருந்து கேட்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இடைஞ்சல் ஒன்றுதான்: மாணவர் கேட்டது பல இடங்களில் நம் காதுக்கு எட்டாது. எந்தப் பதிவிலும், ஆசிரியர் கேள்வியைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் 30 மணி நேரத்தில் அது பெரிதாகிவிடும்.

படி 7: குரலைத் தனியாக எடைபோடுங்கள்

கதாகாலட்சேபமும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்த காது நமக்கு. பேச்சின் ஏற்ற இறக்கத்தில் நாம் சுலபமாகக் கரைந்துபோவோம். அந்த ரசனையை விடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருக்க வைப்பது குரல்தான். ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். மெய்சிலிர்த்த இடத்தின் எழுத்து வடிவத்தை எடுத்துக் குரல் இல்லாமல் வாசியுங்கள். வாதம் அப்படியே நிற்கிறதா? பிறகு அலுப்பூட்டிய ஓர் ஆசிரியரின் பத்தியையும் அதேபோல வாசியுங்கள். இந்த இரண்டாவது வாசிப்பு என் கருத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறது.

வேகத்தைக் கூட்டிக் கேட்பவர்களுக்கு: கதைப் பகுதிகளை ஒன்றரை மடங்கில் ஓட்டலாம். வாதம் தொடங்கியதும் இயல்பு வேகத்துக்கு வந்துவிடுங்கள். ஆடம்சனின் பெரும்பாலான பகுதிகள் எழுதி வைத்து வாசிப்பவை, ஏறக்குறைய இருபது நிமிடத்தில் செறிந்து கிடப்பவை. அவற்றை விரட்டினால் ஒன்றும் தங்காது.

படி 8: பதிவின் நிலை

தானாக உருவாகும் வசன வரிகளை நம்பவேண்டாம், தத்துவவாதிகளின் பெயர்களை அவை சிதைத்துவிடும். பிடித்த தொடரை அனுமதி இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காது கேளாதவர்கள் பயன்படுத்தும்படி வசன வரிகள் இல்லை என்று அமெரிக்க நீதித்துறை சுட்டிக்காட்டிய பிறகு, 2017 மார்ச்சில் பெர்க்லி தன் 20,000க்கும் மேற்பட்ட வகுப்புப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. கேட்க முடியாதவர்களுக்கும் பாடம் போய்ச் சேரவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. வரிகளைச் சேர்ப்பதற்குப் பதில் பதிவுகளை எடுத்துவிட்டதில் இரு தரப்புக்கும் இழப்பு. டிரைஃபஸின் வகுப்புகள் இன்றும் கேட்கக் கிடைப்பதற்கு, முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

படி 9: மூன்று வகுப்பில் முடிவெடுத்து, ஒரு குறிப்பு எழுதுங்கள்

முதல் வகுப்பு, நடு வகுப்பு, உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த ஒரு தலைப்பு. இந்த மூன்றையும் கேட்டதும் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்துவிடுங்கள். பாதியில் நிறுத்துவதில் தப்பே இல்லை. எந்த முடிவானாலும், அடுத்து கேட்க வருபவருக்காக ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். 'அருமை', 'சுமார்' என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. எந்த ஆண்டு, எத்தனை மணி நேரம், எந்த நூல், முன்னறிவு எவ்வளவு வேண்டும், எங்கே பலம், எங்கே பலவீனம், கூட எதைப் படிக்க வேண்டும் என்று எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒன்று:

"கேகன், மரணம், யேல் 2007. 26 வகுப்பு, 21 மணி நேரத்துக்கு மேல். முன்னறிவு தேவையில்லை. மேசை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசுகிறார், முதல் பத்து நிமிடத்தில் பழகிவிடும். 'பைடோ' மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது. 10 முதல் 13 வரை, ஒருவர் காலப்போக்கில் அதே ஆளாக இருப்பது எதனால் என்ற பகுதி, ரொம்பக் கெட்டி, இரண்டு தடவை கேட்டேன். மறுபிறவியில் நம்பிக்கையுள்ளவர் கேட்டால் ஆன்மா பற்றிய பகுதியில் கோபம் வரும். கோபத்தோடு எதிர்வாதம் எழுதிப் பார்க்கலாம், அதற்கு இடம் விட்டுத்தான் பேசுகிறார். கடைசி மூன்று வகுப்புகள் தற்கொலை பற்றியவை. மனம் சரியில்லாத நாட்களில் அவற்றைத் தள்ளி வைக்கவும்."